பன்னிரண்டாயிரம் ரூபாய் கீபோர்டு யாருக்கு?

கோயம்புத்தூர் காந்திபுரத்துக் கம்ப்யூட்டர் கடைகளில் 400 ரூபாய்க்கும் கீபோர்டு கிடைக்கிறது, 12,000 ரூபாய்க்கும் கிடைக்கிறது. இரண்டிலும் ‘ழ’ அடித்தால் ‘ழ’தான் திரையில் விழுகிறது. விலை கூடியது என்பதற்காக அது எழுத்துப்பிழையைத் திருத்தித் தருவதில்லை. மலையாள ஆவணத்தைத் தமிழாக்கித் தருவதும் இல்லை. பிறகு எதற்கு அந்த விலை? அதைக் கொடுக்கலாமா, வேண்டாமா?

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி, வடகரப்பதிப் பக்கம் இருக்கும் தமிழர்களுக்கு இது வெட்டிக் கேள்வி அல்ல. இங்கே தமிழ் வீட்டு மொழி, மலையாளம் அலுவலக மொழி. இரண்டையும் எழுதத் தெரிந்தவர்கள் மொழிபெயர்ப்பு, பத்திரத் தட்டச்சு, கேரள அரசின் இ-சேவை மையமான அக்ஷயாவின் விண்ணப்பங்கள், கோவை நிறுவனங்களுக்கு வீட்டிலிருந்தே பார்க்கும் கணக்கு வேலை என்று பகல் முழுக்க விசைகளைத் தட்டியே சம்பாதிக்கிறார்கள். கொத்தனாருக்குக் கரண்டி எப்படியோ அப்படித்தான் இவர்களுக்குக் கீபோர்டு. ஆனால் கரண்டியைக் கையில் தூக்கிப் பார்த்து வாங்கும் வழக்கம் உண்டு. கீபோர்டைப் பெட்டியின் படத்தைப் பார்த்தே வாங்கிவிடுகிறோம்.

ஆலோசனை கேட்டால் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு பதில்கள். ஏற்கெனவே வாங்கியவர், ‘கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்’ என்பார். வீட்டில் இருப்பவர், ‘கீபோர்டுக்கா இவ்வளவு பணம்?’ என்பார். இருவருமே கீபோர்டை ஒரே பொருளாக நினைத்துப் பேசுகிறார்கள். விலை கூடிய வயர்லெஸ் கீபோர்டு என்பது நான்கைந்து தனித்தனி வசதிகளை ஒரே பெட்டியில் கட்டி, ஒரே விலை போட்டு விற்கும் பொருள். கம்பி இல்லாதது ஒரு வசதி. விரலுக்குக் கிடைக்கும் உணர்வு இன்னொன்று. பல கருவிகளுக்கு மாறிக்கொள்வது, விளக்கு, உலோக உடல் எல்லாம் வேறு வேறு. உங்களுக்கு வேண்டியது இவற்றில் ஒன்றுதான் என்றால், அந்த ஒன்றை மட்டும் கால் பங்கு விலைக்கு வாங்க வழி இருக்கிறது.

விசைக்குக் கீழே நடப்பது

ஒரு விசையை அமுக்கினால் அதன் அடியில் ஒரு மின்தொடர்பு மூடுகிறது. உள்ளே இருக்கும் சிறிய சில்லு, எந்த இடத்து விசை அது என்று கண்டுபிடித்து, அந்த இடத்துக்கு உரிய எண்ணைக் கணினிக்கு அனுப்புகிறது. கீபோர்டின் வேலை அத்துடன் முடிந்தது. அந்த எண்ணைத் தமிழ் எழுத்தாகக் காட்டுவதா, மலையாள எழுத்தாகக் காட்டுவதா, ஆங்கில எழுத்தாகக் காட்டுவதா என்று முடிவு செய்வது விண்டோஸோ மேக்கோ போனோதான். அதனால் ‘தமிழ் அடிக்க நல்ல கீபோர்டு’ என்று தனியாக ஒன்றைத் தேட வேண்டியதில்லை. தமிழ்99, அஞ்சல், மலையாள இன்ஸ்கிரிப்ட் போன்ற விசை அமைப்புகள் எல்லாம் மென்பொருளில் இருக்கின்றன. எந்தக் கீபோர்டிலும் வேலை செய்யும். (விசைகள் எங்கே, எவ்வளவு அகலத்தில் இருக்கின்றன என்பது மட்டும் தமிழுக்கு முக்கியம். அதைப் பிறகு சொல்கிறேன்.)

வயர்லெஸ் என்றால் அந்த எண் கம்பி வழியாகப் போகாமல் வானொலி அலையில் போகிறது. அலைவரிசை 2.4 கிகாஹெர்ட்ஸ், வைஃபையும் இதே வட்டாரத்தைப் பயன்படுத்துகிறது. இதற்கான சில்லு இன்று மலிவு. சுமார் ஆயிரம் ரூபாய்க்கே மவுஸும் சேர்த்து வயர்லெஸ் செட் கொடுக்க முடிவது அதனால்தான். ஆகவே ‘கம்பி வேண்டாம், அதனால் பன்னிரண்டாயிரம் கொடுக்கிறேன்’ என்றால் கணக்கு உதைக்கிறது. கம்பியை நீக்குவதற்கான செலவு அந்த விலையில் மிகச் சிறிய பகுதி.

கம்பி இல்லாத இணைப்பு இரண்டு வகை. ஒன்று, யூஎஸ்பி துளையில் செருகும் நகத்தளவு ரிசீவர். மற்றது புளூடூத். ரிசீவரைச் செருகிய உடனே கீபோர்டு வேலை செய்யும். கம்ப்யூட்டர் துவங்கும்போது வரும் பயாஸ் திரையிலும் பெரும்பாலும் வேலை செய்யும். புளூடூத் என்றால், பொதுவாக விண்டோஸ் முழுதாக எழுந்த பிறகுதான் கீபோர்டு இருப்பதே கணினிக்குத் தெரியும். பழைய டெஸ்க்டாப்பில் புளூடூத்தே இல்லாமல் இருக்கலாம். வாங்கும் முன் கேட்கத் தோன்றாத கேள்வி இது. வீட்டுக்கு வந்த பிறகு முதலில் எழும் கேள்வியும் இதுவே. விலை கூடிய மாடல்களில் பெரும்பாலும் இரண்டு வழிகளும் இருக்கும். அது நிஜமான ஒரு வசதி.

எழுத்துகள் விட்டுவிட்டு விழுகின்றன, ஒரே எழுத்து மூன்று முறை விழுகிறது என்றெல்லாம் வயர்லெஸ்ஸைப் பற்றிப் புகார் சொல்வார்கள். பல நேரம் குற்றவாளி கீபோர்டே அல்ல. யூஎஸ்பி 3.0 துளைகளும் கேபிள்களும் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் வட்டாரத்தில் இரைச்சல் கிளப்பும் என்பதை இன்டெல் நிறுவனமே 2012-இல் ஒரு தொழில்நுட்ப அறிக்கையில் விளக்கியிருக்கிறது. ரிசீவருக்குப் பக்கத்துத் துளையில் வெளி ஹார்ட் டிஸ்க் ஓடிக்கொண்டிருந்தால் எழுத்துகள் தடுமாறலாம். ஒரு சிறிய யூஎஸ்பி நீட்டிப்புக் கம்பியைப் போட்டு ரிசீவரை மேசைமேல் கொண்டுவந்து வைத்தால் பாதித் தொல்லை போய்விடும். புதுக் கீபோர்டு வாங்கும் முன் இதைச் செய்து பார்ப்பது நல்லது.

அடுத்தவர் விவரத்தை அடிப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 2016-இல் பாஸ்டில் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம், புளூடூத் அல்லாத மலிவு வயர்லெஸ் கீபோர்டுகள் பல, அடிக்கும் எழுத்தைப் பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யாமல் அப்படியே காற்றில் அனுப்புகின்றன என்று கண்டுபிடித்து வெளியிட்டது. தகுந்த கருவியுடன் தெருவில் நிற்கும் ஒருவர், உள்ளே அடிக்கும் கடவுச்சொல்லைப் படித்துவிட முடியும். இன்றைய நல்ல மாடல்கள் மறையாக்கம் செய்கின்றன. முறையாக இணைத்த புளூடூத்தும் செய்கிறது. பெயர் தெரியாத நிறுவனத்தின் 700 ரூபாய் செட்டில் அது இருக்கிறதா என்று பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. நாள் முழுக்க ஊராரின் ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் அடிக்கும் மையத்துக்கு, என் கருத்தில், விலை உயர்ந்த வயர்லெஸ்ஸும் வேண்டாம், மலிவு வயர்லெஸ்ஸும் வேண்டாம். கம்பியுள்ள கீபோர்டே போதும். அந்த மேசையைவிட்டு அது எங்கேயும் போகப் போவதில்லை.

விரல் கேட்பது

பணத்தின் பெரும்பகுதி போகும் இடம் விசையின் உணர்வு. இதைச் சொல்லில் விளக்குவது கடினம் என்பதால் கடைக்காரர்கள் இதைப் பேசாமல் விளக்கின் நிறத்தைப் பேசுகிறார்கள்.

மலிவுக் கீபோர்டில் எல்லா விசைகளுக்கும் கீழே ஒரே ரப்பர் விரிப்பு; ஒவ்வொரு விசைக்கும் அதில் ஒரு குமிழ். விசையை அமுக்கினால் குமிழ் மடங்கி, அதன் அடியில் உள்ள பிளாஸ்டிக் தாள்களில் இருக்கும் மின்கோடுகளைத் தொடவைக்கிறது. மெம்பிரேன் என்பது இதைத்தான். இதில் விசையை அடிவரை அழுத்தினால்தான் எழுத்து விழும். புதிதாக இருக்கும்போது மோசமில்லை. ஓரிரு வருடத்தில் அதிகம் அடிபடும் விசைகளின் குமிழ் தளர்ந்துவிடும். ஒரு விசை மெத்தென்றும் பக்கத்து விசை கெட்டியாகவும் இருக்கும். விரல் ஒவ்வொரு விசைக்கும் வெவ்வேறு பலம் கொடுக்க வேண்டியிருப்பதால், வேகமாக அடிப்பவருக்கு மாலையில் களைப்பு தெரியும்.

லேப்டாப்பில் இருப்பது கத்திரி அமைப்பு. இதிலும் ரப்பர் குமிழ் உண்டு. ஆனால் விசைக்கு அடியில் கத்திரிக்கோல் போலக் குறுக்காகப் பின்னிய இரண்டு பிளாஸ்டிக் கால்கள் அதைக் கோணாமல் இறக்கி ஏற்றுகின்றன. ஓரத்தில் அடித்தாலும் விசை சாயாது. லாஜிடெக் எம்எக்ஸ் கீஸ், ஆப்பிள் மேஜிக் கீபோர்டு ஆகிய இரண்டும் இந்த வகை. விசை இறங்கும் ஆழம் 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. சத்தம் குறைவு. லேப்டாப்பிலேயே அடித்துப் பழகிய கை உடனே ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாவது மெக்கானிக்கல். ஒவ்வொரு விசைக்கும் தனி ஸ்பிரிங், தனி சுவிட்ச். செர்ரி நிறுவனத்தின் புகழ்பெற்ற எம்எக்ஸ் ரெட் சுவிட்ச் மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும். எழுத்து 2 மில்லிமீட்டரிலேயே பதிந்துவிடும். தேவையான பலம் 45 கிராம் எடைக்குச் சற்று அதிகம். பாதி வழியிலேயே எழுத்து விழுவதால், பழகிய கை அடிவரை போகாமல் மேலோட்டமாகவே ஓடும். சுவிட்சுகளை நிறத்தின் பெயரால் வகை பிரிக்கிறார்கள். ரெட் வழவழவென்று இறங்கும். பிரவுன் நடுவில் ஒரு சிறு தடை காட்டும். புளூ அதே தடையோடு ‘டிக்’ என்று சத்தமும் போடும். குழந்தை தூங்கும் வீட்டில் புளூ வேண்டாம். செர்ரியின் பழைய காப்புரிமைக் காலம் முடிந்தபின் சீன நிறுவனங்கள் பலவும் இதே வடிவ சுவிட்சுகளைச் செய்யத் தொடங்கின. அதனால்தான் மெக்கானிக்கல் வயர்லெஸ் இன்று 3,000 முதல் 5,000 ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது.

தட்டச்சுப் பயிலகத்தில் ‘லோயர்’, ‘ஹையர்’ தேறியவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். இயந்திரத்தில் பழகிய கை ஆழமாக அடிக்கும். அவர்களுக்குக் கத்திரி விசை கல்லில் அடிப்பதாகத் தோன்றும். எம்எக்ஸ் கீஸ் எவ்வளவு விலையானாலும் பிடிக்காமல் போகலாம். அவர்களுக்கு மெக்கானிக்கல்தான் ஊர் வந்து சேர்ந்த நிம்மதியைத் தரும். அதற்குப் பத்தாயிரமும் தேவையில்லை. சென்னையின் டிவிஎஸ் நிறுவனம் விற்கும் ‘கோல்டு’ கீபோர்டு கம்பியுள்ள மெக்கானிக்கல். இந்தியாவெங்கும் கவுண்டர்களிலும் டிடிபி மையங்களிலும் பல வருடங்களாகச் சடசடத்துக்கொண்டிருப்பது. விலை எம்எக்ஸ் கீஸின் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில்தான். அழகு கொஞ்சம் குறைவு, அதை மறைக்க வேண்டியதில்லை.

பெட்டியில் ‘5 கோடி அழுத்தங்கள் தாங்கும்’ என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்குகிறவர்கள் உண்டு. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். நாளைக்கு 3,000 தமிழ்ச் சொற்கள் அடிக்கும் மொழிபெயர்ப்பாளர் சுமார் 35,000 முறை விசையைத் தட்டுவதாக வைத்துக்கொள்ளலாம். அதில் பத்தில் ஒரு பங்கு ஒரே விசைக்குப் போனாலும் நாளைக்கு 3,500. வருடத்துக்கு 300 வேலை நாள் என்றால் பத்தரை லட்சம். 5 கோடி தீர ஏறக்குறைய ஐம்பது வருடம் ஆகும். சாதாரண மெம்பிரேனுக்குச் சொல்லப்படும் 50 லட்சம் முதல் ஒரு கோடி வரையிலான அழுத்தங்களே ஐந்து, பத்து வருடம் வரும். ஆயுள் எண் என்பது விளம்பரத்துக்கு. அதற்குள் யூஎஸ்பி துளையின் வடிவமே மாறியிருக்கும்.

தமிழும் மலையாளமும் அடிப்பவருக்கு

கீபோர்டு விமர்சனங்கள் பெரும்பாலும் ஆங்கிலம் அடிப்பவர்கள் எழுதியவை. ஆங்கிலத்தில் வலது ஓரத்து விசைகள் நிறுத்தக்குறிகள். அவை குறுகலாக இருந்தாலும் யாருக்கும் உறைக்காது. நமக்கு அங்கேதான் எழுத்துகள் இருக்கின்றன.

1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டி வந்த தமிழ்99 அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. நடு வரிசையில் வலக்கை விரல்களின் கீழே க, ப, ம, த. அரைப்புள்ளி விசையில் ‘ந’, அதற்கடுத்த மேற்கோள் விசையில் ‘ய’. மேல் வரிசையில் சதுர அடைப்புக்குறி இரண்டிலும் ‘ச’வும் ‘ஞ’வும். கீழே சாய்கோட்டு விசையில் ‘ழ’. இடத்தைச் சேமிக்கிறோம் என்று சில கையடக்கக் கீபோர்டுகளும் டேப்லெட்டோடு வரும் உறைக் கீபோர்டுகளும் இந்த ஓர விசைகளைத்தான் பாதி அகலத்துக்குக் குறுக்குகின்றன. சில அவற்றை வேறு இடத்துக்கே நகர்த்திவிடுகின்றன. ஆங்கிலத்துக்கு அது அழகான சிறிய கீபோர்டு. தமிழ்99 அடிப்பவருக்கோ ‘ய’வும் ‘ச’வும் நொண்டும் கீபோர்டு. பதினைந்தாயிரம் கொடுத்தாலும் அந்த நொண்டல் போகாது.

இரு மொழிக்காரர்கள் பலர் இன்ஸ்கிரிப்ட் வைத்துக்கொள்கிறார்கள். அதற்கு நல்ல காரணம் இருக்கிறது: இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுத்த அமைப்பு என்பதால் ஒரே ஒலி எல்லா மொழியிலும் ஒரே விசையில் இருக்கும். தமிழ் ‘க’ இருக்கும் இடத்தில்தான் மலையாள ‘க’வும் இருக்கிறது, ‘த’வும் ‘ப’வும் அப்படியே. விரல் ஒரு முறை கற்றால் இரண்டு மொழிக்கும் போதும். இதில் ‘ச’ அரைப்புள்ளி விசையிலும் ‘ட’ மேற்கோள் விசையிலும் இருப்பதால் வலது ஓரம் இங்கேயும் முக்கியம். கூடவே ஷிப்ட் விசை. தனி உயிரெழுத்துகள் இடப்பக்கத்து விசைகளோடு ஷிப்டை அழுத்தினால் வருபவை; அதற்கு வலக்கை வலது ஷிப்டுக்குப் போக வேண்டும். சின்ன வயர்லெஸ் மெக்கானிக்கல்களில் அம்பு விசைகளுக்கு இடம் விடுவதற்காக வலது ஷிப்டைத்தான் முதலில் வெட்டுவார்கள். மலையாளத்துக்கு ஷிப்ட் வேலை தமிழைவிட அதிகம், ஒரே ‘க’வுக்கு நான்கு ஒலி என்பது போன்ற வர்க்க எழுத்துகள் அத்தனை இருப்பதால். படத்தில் அந்த விசையின் நீளத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து அடிப்பவர்களுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. அவர்கள் எதை வேண்டுமானாலும் வாங்கலாம்.

எண் பகுதியைப் பற்றியும் இதே கதை. ஆதாருக்கு 12 இலக்கம். அதன்மேல் சர்வே எண், ரேஷன் அட்டை எண், போன் எண். இவற்றை நாள் முழுக்க அடிக்கிறவர், வலப்பக்கத்து எண் விசைகள் இல்லாத குட்டிக் கீபோர்டை அது மேசையில் அழகாக இருக்கிறது என்பதற்காக வாங்கக்கூடாது.

பிறகு ஸ்டிக்கர். விசையின் மேல் தமிழும் மலையாளமும் அச்சிட்ட ஒட்டுகளை வாங்கி ஒட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல யோசனைதான், விலை குறைந்த தட்டை விசைக் கீபோர்டில். விலை கூடிய கீபோர்டின் பின்னொளி விசையின் எழுத்து வழியாக வெளியே வருவது. ஒளி புகாத ஒட்டை மேலே ஒட்டினால் அந்த விளக்குக்குக் கொடுத்த காசை நாமே மூடிவைக்கிறோம். எம்எக்ஸ் கீஸ் போன்றவற்றில் விரல் நுனி பொருந்துவதற்காக விசையின் நடுவில் வட்டமாகக் குழித்திருப்பார்கள். ஒட்டு அந்தக் குழியில் படியாமல் ஓரம் தூக்கிக்கொள்ளும். எழுத்தைப் பார்த்து அடிக்கும் நிலையில் இருப்பவருக்கு 12,000 ரூபாய் கீபோர்டு வீண் செலவு. முதலில் பார்க்காமல் அடிக்கப் பழகட்டும். அதற்கு 500 ரூபாய் கீபோர்டு தாராளம்.

விளக்கு, பேட்டரி, எறும்பு

பின்னொளி பெரும்பாலோருக்குத் தேவையில்லை என்பது என் எண்ணம். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு வேலை செய்பவர் நம்மில் எத்தனை பேர்? அதற்கு பேட்டரி கொடுக்கும் விலையோ பெரிது. எம்எக்ஸ் கீஸ் ஒரு முறை சார்ஜ் செய்தால் விளக்கோடு 10 நாள், விளக்கை அணைத்துவிட்டால் 5 மாதம் வரை வரும் என்று லாஜிடெக்கே சொல்கிறது. விளக்கு இல்லாத அதே நிறுவனத்தின் கே380-இல் இரண்டு சிறிய ஏஏஏ செல். இரண்டு வருடம் என்கிறார்கள். உள்ளே பதித்த லித்தியம் பேட்டரி சில வருடங்களில் தளரும். அதை மாற்றுவது எளிதல்ல. செல் போடும் கீபோர்டுக்கு அந்தக் கவலை கிடையாது, எந்தப் பெட்டிக்கடையிலும் செல் கிடைக்கும். இந்த ஓர் இடத்தில் மலிவான பொருளே நீண்டகாலத்துக்கு நல்லது.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று இந்தப் பக்கத்து வீடுகளில் என்ன செய்யும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். காலையில் துடைத்த மேசையில் மாலையில் விரலால் பெயர் எழுதலாம். அந்தத் தூசு கீபோர்டுக்குள்ளும் போகிறது. மெக்கானிக்கலில் விசைத் தொப்பிகளைக் கழற்றித் தூரிகையால் தட்டிவிட்டு மாட்டிவிடலாம். சில மாடல்களில் கெட்டுப்போன சுவிட்சையே பிடுங்கிப் புதியது செருகலாம். கத்திரி அமைப்பில் விசையைக் கழற்றுவது ஆபத்து, நூல் போன்ற கால்கள் ஒடிந்தால் அந்த விசை போயிற்று. மழைக்காலத்தில் கதகதப்பு தேடி எறும்பு உள்ளே குடியேறுவதும் உண்டு. பிஸ்கட்டுத் துகளைக் கீபோர்டின் மேல் சிந்தாமல் இருப்பதைத் தவிர இதற்கு எந்த விலையிலும் மருந்து கிடையாது. டீ கொட்டினால் தாங்குமா என்பதும் விலையைப் பொறுத்ததல்ல. சில மலிவு மெம்பிரேன்களில் நீர் வடியத் துளை வைத்திருப்பார்கள். விலை உயர்ந்த பல மெக்கானிக்கல்களில் அது இருக்காது.

மணிக்கட்டு வலிக்காக வாங்க நினைப்பவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். வலிக்குக் காரணம் பெரும்பாலும் மேசை உயரமும் உட்காரும் விதமும் ஓய்வில்லாமல் அடிப்பதும். கீபோர்டின் பின்கால்களை மடக்கித் தட்டையாக வைத்தாலே சிலருக்கு நிம்மதி கிடைக்கும், ஏனென்றால் மணிக்கட்டு மேல்நோக்கி வளைவது குறையும். வலி நீடித்தால் போக வேண்டிய இடம் கம்ப்யூட்டர் கடை அல்ல, மருத்துவர்.

மாறிக்கொள்ளும் வசதி யாருக்கு உபயோகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிறுவனம் கொடுத்த லேப்டாப், சொந்த டெஸ்க்டாப், போன் என்று மூன்றை மேசையில் வைத்திருப்பவர் ஒரே கீபோர்டில் ஒரு விசையைத் தொட்டு மூன்றுக்கும் மாறலாம். வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் நீளமான தமிழ்ச் செய்தி அனுப்ப வேண்டியவர்களுக்கு இது பெரிய வரம். இந்த வசதி மட்டும் போதும் என்றால் கே380 அதை மூவாயிரம் ரூபாய் அளவிலேயே தருகிறது. பன்னிரண்டாயிரத்துக்குப் போக வேண்டியதில்லை.

ஒரு நாளுக்கு எவ்வளவு

12,000 ரூபாய் கீபோர்டு ஐந்து வருடம் உழைத்தால், வருடத்துக்கு 300 வேலை நாள் என்று வைத்து, நாளுக்கு 8 ரூபாய். எட்டு மணி நேரம் அடித்துச் சம்பாதிப்பவருக்கு அது ஒரு டீயின் விலைகூட இல்லை. மாலையில் விரல் களைக்காமல் இருந்தால் அது செலவே அல்ல. மாலையில் அரைமணி நேரம் மின்னஞ்சல் பார்ப்பவருக்கும் அதே 8 ரூபாய்தான் ஆகிறது, ஆனால் அந்த அரைமணிக்குக் கீபோர்டு எதுவாக இருந்தாலும் வித்தியாசம் தெரியாது. நடுவில் இருப்பவர்கள், அதாவது நாளைக்கு இரண்டு மூன்று மணி நேரம் அடிப்பவர்கள், 3,000 முதல் 5,000 வரை உள்ள வட்டத்திலேயே நின்றுகொள்வது புத்திசாலித்தனம். அதற்கு மேலே கொடுக்கும் ஒவ்வோர் ஆயிரத்துக்கும் கூடுதலாகக் கிடைப்பது குறைந்துகொண்டே போகிறது: உலோக உடல், இன்னும் சீரான விளக்கு, விசைகளுக்கு வேலை ஒதுக்கும் மென்பொருள். ஆசைக்கு வாங்குவதில் குற்றமில்லை, ஆசைக்கு வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால்.

பள்ளி செல்லும் பிள்ளைக்கு என்று கேட்டால், கம்பியுள்ளதை வாங்கிக் கொடுங்கள். மிச்சப் பணத்தில் ஒரு நல்ல நாற்காலி வாங்கலாம்.

கடையில் சோதிக்கும்போது ஆங்கில எழுத்துகளை வரிசையாகத் தட்டிப் பார்த்துவிட்டு வராதீர்கள். கடைக்காரரிடம் கேட்டு ஒரு கம்ப்யூட்டரில் உங்கள் வழக்கமான தமிழ் அமைப்பை இயக்கி, ‘ஞாயிற்றுக்கிழமை மழை நின்றதும் சந்தைக்கு நடந்தோம், யாழினி வழியில் ஞாபகமாகச் சேமியா வாங்கினாள்’ என்பது போல ஓரத்து எழுத்துகள் நிறைந்த ஒரு பத்தியை அடியுங்கள். மலையாளத்திலும் ஒரு பத்தி அடியுங்கள். நின்றுகொண்டு அல்ல, உட்கார்ந்து. பத்து நிமிடத்தில் விரல் தன் தீர்ப்பைச் சொல்லிவிடும். சற்று நேரம் கையை எடுத்துவிட்டு, கீபோர்டு உறங்கியபின் மீண்டும் ஒரு சொல்லை அடித்து, முதல் எழுத்து விழுகிறதா என்றும் பாருங்கள். மட்டமான வயர்லெஸ் அங்கேதான் பிடிபடும். சோதிக்க விடாத கடையில் விலை உயர்ந்ததை வாங்க வேண்டாம்.

பொள்ளாச்சியில் வாங்குவதா, பாலக்காட்டில் வாங்குவதா, எந்த மாநிலத்தில் வரி குறைவு என்ற பழைய கணக்குக்கு இப்போது வேலையில்லை. 2017 ஜூலை 1 முதல் இரண்டு பக்கமும் ஒரே ஜிஎஸ்டி. கீபோர்டுக்கு 18 சதவீதம். அதனால் பழுதானால் எளிதில் போய் வரக்கூடிய ஊரில் வாங்குங்கள். விலை கூடினால் உத்தரவாதக் காலமும் கூடும் என்று நினைத்துவிடாதீர்கள். பெட்டியைத் திருப்பி எத்தனை வருடம் என்று படியுங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்து தரும் கீபோர்டுக்கு இங்கே உத்தரவாதம் செல்லாமல் போகலாம். பில்லில் மாடல் பெயரோடு வரிசை எண்ணையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், ரிசீவரைப் பெட்டியோடு தூக்கி எறிந்துவிடாமல் எடுத்து வையுங்கள். அது தொலைந்தால் பல மாடல்களுக்கு மாற்று ரிசீவர் தனியாகக் கிடைப்பதில்லை.